கரையில் மூட்டிய நெருப்பு



பாஸ்கா காலத்தின் மூன்றாம் ஞாயிறாகிய இன்று, யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரத்தை வாசிக்கக் கேட்டோம். வேறு ஊர்ப் பங்குகளில் இந்தப் பகுதியை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். கடலை நம்பி வாழும் உங்களுக்கு அது தேவையில்லை. இரவெல்லாம் வலை போட்டும் மீன்பாடு இல்லாமல் திரும்புகிறவனுடைய களைப்பு உங்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் கரையில் நிற்கிற ஒருவர் "ஏதாவது பட்டதா?" என்று குரல் கொடுத்தால், பதில் சொல்லக்கூட மனம் வராது என்பதும் தெரியும். சீடர்களின் படகுக்கும் இயேசு நின்ற கரைக்கும் இடையே ஏறக்குறைய 200 முழம் என்கிறார் யோவான். நம் கணக்கில் 50 பாகம். அந்தத் தூரத்தில் நிற்கிறவர் யாரென்று விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் அடையாளம் தெரியாமல் போனதில் வியப்பில்லை.

இந்த நற்செய்தியைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் சீடர்களின் வலையில் பட்ட 153 மீன்களைப் பற்றிப் பேசுவார்கள்; வலை கிழியாததைப் பற்றிப் பேசுவார்கள். நான் இன்று, அந்த மீன்கள் கரைக்கு வருமுன்பே கரையில் எரிந்துகொண்டிருந்த நெருப்பைப் பற்றிப் பேச விரும்புகிறேன். சீடர்கள் இறங்கி வந்தபோது கரி நெருப்பு மூட்டியாகிவிட்டது. அதன்மேல் மீன் இருந்தது, அப்பமும் இருந்தது. அந்த மீன் அவர்கள் பிடித்ததல்ல. அவர்கள் பிடித்தவை இன்னும் வலைக்குள் துடித்துக்கொண்டிருந்தன. சாவை வென்று உயிர்த்த ஆண்டவர், களைத்து வந்த ஏழு பேருக்காக விடியற்காலையில் மணலில் குனிந்து நெருப்பு மூட்டி மீன் சுட்டிருக்கிறார். பிறகுதான், நீங்கள் பிடித்ததிலும் கொஞ்சம் கொண்டுவாருங்கள் என்று கேட்டுத் தம் மீனோடு அவர்கள் மீனையும் சேர்த்துக்கொண்டார்.

பேதுருவிடம் ஆண்டவருக்கு ஒரு கணக்கு பாக்கி இருந்தது. ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்தவர் அவர். அதுவும் ஒரு கரி நெருப்பின் அருகில், குளிர் காய்ந்துகொண்டே மறுதலித்தவர். ஈரத்துணியோடு ஓடிவந்து நின்ற அவரை அந்த நொடியிலேயே கேட்டிருக்கலாம். ஆண்டவர் கேட்கவில்லை. எல்லாரும் உண்டு முடித்தார்கள். அதன்பிறகுதான் 'என்னை அன்பு செய்கிறாயா' என்ற அந்த மூன்று கேள்விகள்; அதன்பிறகுதான் ஆடுகளை மேய்க்கும் பொறுப்பு. முதலில் பசி ஆறட்டும், முதலில் என் பக்கத்தில் உட்காரட்டும் என்று காத்திருந்தார். என் அன்பு மக்களே, இந்த வரிசைமுறை நம் வீடுகளுக்குள் வரவேண்டும் என்று சொல்லத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

இது தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் பருவம் என்பதால், நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. 2001-இல் 45 நாளாகத் தொடங்கிய இந்தத் தடை 2017-லிருந்து 61 நாளாகியிருக்கிறது. துறைமுகத்தில் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன. சிலர் படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுகிறார்கள், பெயின்ட் அடிக்கிறார்கள், வலை சரிபார்க்கிறார்கள். அரசு தரும் நிவாரணம் 8,000 ரூபாய், இரண்டு மாத அடுப்புக்கும் பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்துச் செலவுக்கும் போதாது என்பதை நான் அறிவேன். நகையை அடகு வைத்த வீடுகளும் எனக்குத் தெரியும். ஆகவே இந்த 61 நாளை நான் இனிப்புத் தடவிப் பேசப்போவதில்லை.

ஆனாலும் விவிலியத்தில் ஓய்வு என்பது என்ன என்று பாருங்கள். விடுதலைப் பயண நூலில் ஏழாம் நாளை ஆண்டவர் கட்டளையாகத் தருகிறபோது, மாடும் கழுதையும் இளைப்பாற வேண்டும், அடிமைப் பெண்ணின் மகனும் அந்நியனும் மூச்சுவிட வேண்டும் என்று காரணத்தையும் சேர்த்தே சொல்கிறார். லேவியர் நூலில் நிலத்துக்கே ஏழாம் ஆண்டு ஓய்வு கொடுக்கிறார். வீட்டிலுள்ள மனிதர், வீட்டை அண்டி வாழும் விலங்கு, நமக்குச் சோறு போடும் மண், எல்லாம் ஒரே கட்டளைக்குள் வருகின்றன. கடலுக்கு விடுகிற இந்த இரண்டு மாதத்தையும் நான் அதே வரிசையில்தான் வைத்துப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்று நம் முன்னோர் காத்துவந்த கட்டுப்பாடும் அதே வரிசையில் வருவதுதான்.

கடந்த வாரம் நோயாளிகளுக்கு நற்கருணை கொடுத்துவிட்டுக் கடற்கரை வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். பிற்பகல் மூன்றரை மணி இருக்கும். கொண்டல் காற்று வீசி வெக்கை சற்றுத் தணிந்திருந்தது. கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வள்ளத்தின் நிழலில் வயதான அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். அலை வந்து தொடுகிற இடத்தில் அவருடைய மகனும் பேத்தியும். சற்றுத் தள்ளி மருமகள், ஈர மணலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். இரண்டு நாய்கள், ஒன்று செவலை, இன்னொன்று காது கிழிந்த கிழட்டு வெள்ளை. செவலை நண்டுப் பொந்தைத் தோண்டித் தோண்டி மூக்கெல்லாம் மணலாக நின்றது. வீட்டின் கடைக்குட்டி அதனோடு சேர்ந்து தோண்டிக்கொண்டிருந்தான். அந்தக் குடும்பத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். இங்கேதான் இருக்கிறார்கள், கூச்சப்படுவார்கள்.

தகப்பனார் மகளுக்குக் கைத்தூண்டில் போடச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் பாட்டிலில் சுற்றிய தங்கூசி நரம்பு, நுனியில் ஈயக்குண்டு, அதற்கு மேலே சாண் இடைவெளியில் இரண்டு முள். உரித்த இறாலைக் கிள்ளி, முள்ளின் கூர் வெளியே தெரியாதபடி கோர்த்துக் காட்டினார். தலைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றி வீசியதும், நரம்பை மகளுடைய ஆள்காட்டி விரலில் போட்டுவிட்டு அவளுக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டார். "அலை இழுத்தா சும்மா மெதுவா இழுக்கும். கிழங்கான் கடிச்சா டக்கு டக்குனு வெட்டும். விரல்லதான் தெரியும், கண்ணால பாக்காத" என்றார். பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொண்டாள். நான் சத்தம் காட்டாமல் நின்றேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. திடீரென்று அவள் தோள் குலுங்கியது. "எப்பா, வெட்டுது!" என்று கத்திக்கொண்டே இழுக்க, அவர் தம் கையை நீட்டாமல் "நீயே இழு, நிதானமா இழு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மணல் நிறத்தில், ஒரு சாண் நீளத்தில் ஒரு கிழங்கான் ஈர மணலில் வந்து விழுந்தது. நாய்கள் இரண்டும் குரைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடின. தம்பி கைதட்டினான். அடுத்து வந்தது விரல் நீளக் குஞ்சு. "இத விட்டுரு, வளந்து வரட்டும்" என்றார் தகப்பனார். அவளே அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய்த் தண்ணீரில் விட்டாள்.

என்னைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். "தோத்திரம் சாமி. நான் போகும்போதும் இவ தூங்குவா, வரும்போதும் தூங்குவா. இந்த ரெண்டு மாசந்தான் சாமி இவ பேசுறத கேக்கேன்" என்றார். அவர் விசைப்படகில் போகிறவர். விடியுமுன் கிளம்பி இரவு திரும்புகிறவர். அவருக்கு நான் ஆறுதலாக எதையோ சொன்னேன். ஆனால் அன்றிரவு முழுவதும் அந்தச் சொற்கள்தான் எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தன. நம் பங்கில் எத்தனை தகப்பன்மார் தம் பிள்ளைகளைத் தூங்குகிற முகமாகவே அறிந்திருக்கிறார்கள்!

பிறகு நடந்ததையும் சொல்லவேண்டும். காய்ந்த பனமட்டையையும் தேங்காய் மட்டையையும் கூட்டி நெருப்பு மூட்டினார். செதில் சீவி, குடல் எடுத்து, உப்பும் மிளகாய்ப் பொடியும் தடவி அவரே மீன் சுட்டார். மருமகள் எழுந்து வரப்போனபோது, "நீ இரி" என்று அந்த அம்மா அமர்த்திவிட்டார். நாள்தோறும் கூடையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக நடந்து மீன் விற்கிற கால்கள் அந்த மருமகளுடையவை. அன்று அந்தக் கால்களை அலை கழுவிக்கொண்டிருந்தது. வெந்த மீனை முதலில் அம்மாவுக்கும், பிறகு மனைவிக்கும், பிறகு பிள்ளைகளுக்கும் கொடுத்தார். எனக்கும் ஒன்று கிடைத்தது. முள் பிரித்து எடுத்த மிச்சத்தை நாய்களுக்கு ஆறவைத்துப் போட்டாள் அந்தச் சிறுமி. கிழட்டு வெள்ளைக்கு முதலில், செவலைக்கு அப்புறம்.

அடுப்படி வேலையைப் பெண்களின் தலையில் கட்டிவிட்டு, அதை ஆண்டவரே வகுத்த ஒழுங்கு போலப் பேசுகிறவர்கள் உண்டு. இன்றைய நற்செய்தியை அவர்கள் இன்னொரு முறை வாசிக்கட்டும். திபேரியாக் கடலோரத்தில் நெருப்பு மூட்டியவர் யார்? மீன் சுட்டவர் யார்? அப்பத்தை எடுத்துக் கையில் கொடுத்தவர் யார்? விண்ணையும் மண்ணையும் ஆள்கிறவர் செய்த வேலையைச் செய்வதால் எந்த ஆண்மகனுக்கும் மரியாதை குறைந்துவிடாது.

நாய்களைப் பற்றித் திருப்பலியில் பேசலாமா என்று சிலர் நினைக்கலாம். விவிலியத்தில் நாயைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் கடுமையாகத்தான் இருக்கிறது, உண்மைதான். ஆனால் தோபித்து நூலைத் திறந்து பாருங்கள். பார்வை இழந்த தகப்பன், கவலைப்படும் தாய், தொலைதூரப் பயணம் கிளம்பும் ஒரே மகன் தோபியா. துணைக்குப் போவது மனித உருவில் வந்த வானதூதர் இரபேல். கூடவே வீட்டு நாயும் புறப்பட்டுப் போகிறது. யாரும் அதைக் கூப்பிட்டதாக எழுதப்படவில்லை; அது எந்த அற்புதமும் செய்யவில்லை. திக்ரீசு ஆற்றங்கரையில் பெரிய மீன் ஒன்று தோபியாவின் காலைப் பிடிக்கப் பாய்கிறது. வானதூதர் பிடி என்கிறார். இளைஞன் பிடித்துக் கரைக்கு இழுத்துப் போடுகிறான். அந்த மீனில் ஒரு பகுதியைச் சுட்டுத் தின்கிறார்கள், மிச்சத்துக்கு உப்புப் போட்டு வைக்கிறார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் செய்கிற அதே வேலை! அந்த மீனின் பித்தப்பைதான் தகப்பனுக்குப் பார்வையைத் திருப்பித் தருகிறது. பயணம் முடிந்து திரும்புகிறபோது மறுபடியும் அந்த நாய் பின்னால் வருகிறது. தூய ஆவியார் ஏவி எழுதப்பட்ட நூலில், ஒரு குடும்பத்தின் துன்பமும் நலமும் சொல்லப்படுகிற இடத்தில், அந்த வீட்டு நாய்க்கும் இரண்டு முறை இடம் கிடைத்திருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதிகளில் இது ஒன்று.

நாய் வருகிற இன்னொரு இடம் நற்செய்தியிலும் உண்டு. இயேசு வாழ்ந்த பகுதியிலிருந்த கலிலேயக் கடல் நன்னீர் ஏரி. உப்புநீர்க் கடலை ஒட்டிய பகுதிக்கு அவர் போனதாக நற்செய்தி சொல்வது தீர், சீதோன் பக்கம்தான். இரண்டும் துறைமுகப் பட்டினங்கள். அங்கேதான் கானானியப் பெண் ஒருவர் தம் மகளுக்காக அவர் காலில் விழுந்தார். மேசையிலிருந்து விழும் சிறு துண்டுகளை நாய்களும் தின்னுமே என்று அந்தத் தாய் சொன்ன பதிலைக் கேட்டு ஆண்டவர் அவருடைய நம்பிக்கையைப் பாராட்டினார், மகள் நலமடைந்தாள். தம் வீட்டில் பிள்ளைகள் சாப்பிடுவதையும் மேசைக்கடியில் நாய் காத்திருப்பதையும் பார்த்துப் பழகிய பெண் அவர். அந்தப் பார்வையிலிருந்துதான் அவ்வளவு பெரிய நம்பிக்கைச் சொல் பிறந்தது.

இன்றைய இரண்டாம் வாசகத்தையும் நினைத்துப் பாருங்கள். திருவெளிப்பாட்டில் ஆட்டுக்குட்டியானவரைப் புகழ்வது வானதூதர்கள் மட்டும் அல்ல. விண்ணிலும் மண்ணிலும் மண்ணுக்கு அடியிலும் உள்ளவை, கடலில் உள்ளவை, எல்லாப் படைப்புகளும் சேர்ந்து பாடுவதாக யோவான் கண்டார். நம் வலையில் படுகிற மீனும் அந்தப் பாடகர் குழுவில் உண்டு. நாம் மீனைப் பிடிக்கிறோம், உண்கிறோம், விற்கிறோம். இது ஆண்டவர் நமக்குத் தந்த பிழைப்பு, இதில் குற்றமில்லை. உயிர்த்த ஆண்டவரே மீன் சுட்டுக் கொடுத்திருக்கிறார். ஆனால் விலங்குகளைத் தேவையில்லாமல் வதைப்பதும் கொல்வதும் மனித மாண்புக்கே எதிரானது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி தெளிவாகச் சொல்கிறது. மனிதருக்குக் காட்ட வேண்டிய அன்பை விலங்குக்குத் திருப்பிவிடக் கூடாது என்றும் அதே இடத்தில் சொல்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய 'லவுதாத்தோ சி' சுற்றுமடலும், மற்றப் படைப்புகள் நம் பயன்பாட்டுக்கென்றே இருப்பவை அல்ல என்று கற்பிக்கிறது.

இதை நம் கரைக்குக் கொண்டுவந்து பேசுகிறேன், இளைஞர்கள் காது கொடுத்துக் கேளுங்கள். தூண்டிலில் பேத்தை மீன் மாட்டினால் அதை மணலில் போட்டு உதைத்து, உப்பி நிற்பதைப் பார்த்துச் சிரிப்பதை நான் கண்டிருக்கிறேன். அது வேண்டாம். மேலும், அதைக் கரையில் விட்டுவிட்டுப் போனால் பசியில் வரும் நாய் தின்றுவிடும். பேத்தையின் ஈரலிலும் சினையிலும் உள்ள நஞ்சு சமைத்தாலும் போகாது. நாயையும் கொல்லும், மனிதரையும் கொல்லும். முள்ளைக் கழற்றி உடனே கடலில் விட்டுவிடுங்கள். கெளிறு மீனின் முள்ளை ஒடித்துப் போடுகிறவர்கள் அதை மணலில் போடாதீர்கள். வெறுங்காலோடு ஓடுகிற பிள்ளையின் பாதத்தில்தான் அது ஏறும். அறுந்த தங்கூசி மக்குவதில்லை. அது நாயின் காலிலும் கடற்பறவையின் சிறகிலும் ஆமையின் கழுத்திலும் சுற்றிக்கொள்ளும். அந்தக் கிழட்டு வெள்ளை நாயின் காது, யாரோ விட்டுப்போன தூண்டில் முள்ளால் கிழிந்ததாம். உங்கள் தூண்டிலை நீங்களே சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். வீட்டு நாய்க்கும் தெரு நாய்க்கும் கால்நடை மருந்தகத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுவிடுங்கள். பிள்ளைகள் அவற்றோடுதானே புரளுகிறார்கள்.

தகப்பன்மாரே, இந்த ஓய்வு நாள்களை மதுக்கடைக்குக் கொடுத்துவிடுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நான் சுற்றி வளைத்துப் பேசவில்லை. கையில் காசு இல்லாத காலத்தில் கடன் வாங்கிக் குடிப்பதை உங்கள் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டில் இருக்கிற நேரத்திலும், கண்டவுடன் "மார்க் எவ்வளவு? ஏன் குறைஞ்சது?" என்று தொடங்கிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். கேளுங்கள், கேட்க வேண்டியதுதான். பேதுருவிடம் ஆண்டவரும் கேட்டார். ஆனால் அதற்குமுன் அவர் நெருப்பு மூட்டினார், ஊட்டினார், உடன் அமர்ந்தார். அப்படி அமர்ந்த பிறகு கேட்ட கேள்விக்குத்தான் பேதுரு உடைந்த உள்ளத்தோடு உண்மையான பதில் சொன்னார். பிடிபட்ட மீனைப்போல் துடிக்கிற வயதில் இருக்கிற பிள்ளைகளிடம் விரட்டிக் கேட்டு எதையும் தெரிந்துகொள்ள முடியாது. தூண்டில் நரம்பு விரலில் இருக்க, கடலைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, பிள்ளை தானாகப் பேசும். பள்ளிக்கூடத்தில் யார் அடித்தார்கள், எதற்குப் பயமாக இருக்கிறது, படிப்பு ஏன் ஏறவில்லை என்று எல்லாம் வெளியே வரும்.

கடலுக்குப் போனவர் திரும்பி வராத வீடுகள் நம் கடற்கரை ஊர்களில் உண்டு. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் தூண்டில் சொல்லிக்கொடுக்கத் தகப்பன் இல்லை. தூண்டில் பேசப்படுகிற இடம் நற்செய்திகளில் ஒன்றே ஒன்றுதான்: கப்பர்நாகூமில் கோவில் வரி கேட்டு வந்தபோது, தூண்டில் போட்டு முதலில் படும் மீனின் வாயைத் திறந்து பார் என்று பேதுருவை அனுப்புகிறார் இயேசு. அதில் கிடைத்த நாணயம் இருவருக்குமான வரிக்குச் சரியாக இருந்தது. உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று பிரித்துப் பார்க்கவில்லை அவர். உங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கரைக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் தகப்பனில்லாத பிள்ளை இருந்தால் அவனையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். ஒரு முள்ளும் ஒரு ஈயக்குண்டும் கூடுதலாக வாங்குவதால் யாரும் ஏழையாகிவிடமாட்டோம்.

ஜூன் 14 நள்ளிரவோடு தடைக்காலம் முடிகிறது. 15-ஆம் தேதி விடியுமுன் படகுகள் கிளம்பிவிடும். மறுபடியும் பிள்ளைகள் தூங்குகிற முகமாகிவிடுவார்கள். ஆகவே இந்த வாரமே ஒரு பிற்பகலை ஒதுக்குங்கள். பாட்டியையும் கைபிடித்துக் கூட்டிப்போங்கள், நாய் பின்னால் வந்தால் விரட்டாதீர்கள், நெருப்பை நீங்களே மூட்டுங்கள்.